பன்னிரண்டு ஆண்டுகளை ஒரே வரியில் தாண்டாதீர்கள்: ஜெர்மனியின் ரயில்வே விளையாட்டுக் கழகங்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஈ.எஸ்.வி. (ரயில்வே ஊழியர் விளையாட்டுக் கழக) நிர்வாகக் குழுவினருக்கு,

வணக்கம். உங்களில் பலர் இப்போது நூற்றாண்டு மலர் தயாரிக்கும் வேலையில் இருக்கிறீர்கள். ரயில்வே ஊழியர்களுக்கென்று விளையாட்டுக் கழகங்கள் ஜெர்மனியில் வரிசையாக முளைத்தது 1920-களின் நடுப்பகுதியிலிருந்து. ஆகவே இந்தப் பத்தாண்டு முழுக்க உங்களுக்கு விழாக்காலம்தான். என் மகள் பந்து விளையாடுவதும் அப்படியொரு மைதானத்தில். ஒரு பக்கம் தண்டவாளம், மறுபக்கம் பழைய பணிமனையின் மதில். மலருக்கு ஏதாவது எழுதித் தாருங்கள் என்று பெற்றோரிடமும் கேட்டிருந்தார்கள். எழுத உட்கார்ந்தேன். நான் சொல்ல நினைத்தது ஒரு கழகத்தின் மலரில் அடங்குகிற விஷயம் இல்லை என்று தோன்றியதால் உங்கள் எல்லோருக்குமாக இதை எழுதுகிறேன்.

ஜெர்மன் மொழியில் உங்களுக்குத் தனியே அனுப்பியாயிற்று. தமிழிலும் எழுதுவதற்குக் காரணம், உங்கள் மைதானங்களில் இன்று ஓடுகிற பிள்ளைகளில் எங்கள் பிள்ளைகளும் இருக்கிறார்கள் என்பதுதான். பெரம்பூரையும் பொன்மலையையும் அறிந்த எங்களுக்கு ரயில்வே அணி, ரயில்வே மைதானம், ரயில்வே கிளப் என்பதெல்லாம் புதிதும் அல்ல.

சுற்றி வளைக்காமல் கேட்டுவிடுகிறேன். 1933 முதல் 1945 வரையிலான ஆண்டுகளை உங்கள் மலரில் முழுதாக எழுதுங்கள். நான் தேடிப் படித்த கழக வரலாறுகளில் பெரும்பாலானவை ஒரே தடத்தில் போகின்றன. நிறுவியவர்களின் படத்தோடு தொடக்க நாட்களுக்கு நாலு பக்கம். மைதானத்தைத் தாங்களே மண் சுமந்து சமப்படுத்திய கதைக்கு ஒரு பக்கம். அப்புறம், போரினால் விளையாட்டு நின்றுபோனது என்று ஒரு வரி. அடுத்த பத்தியில் 1946 வந்துவிடுகிறது. மைதானத்தில் விழுந்த குண்டுகளுக்குக் கணக்கு இருக்கிறது. உறுப்பினர் பட்டியலிலிருந்து விழுந்த பெயர்களுக்குக் கணக்கு இல்லை.

தொடக்கத்தையே எடுத்துக்கொள்வோம். அதுவும் உங்கள் மலர்களில் வருவதுபோல அத்தனை எளிதானதாக இல்லை. 1920-இல் பிரஷ்யா, பவேரியா, சாக்சனி முதலான மாநிலங்களின் ரயில்வேக்கள் ஒன்றாகச் சேர்க்கப்பட்டு "ரைக்ஸ்பான்" என்ற தேசிய ரயில்வே ஆயின. 1924-இல், போர் இழப்பீட்டைக் கட்டும் வழியை வகுத்த டாவ்ஸ் திட்டத்தின் கீழ், அது தனி நிறுவனமாக்கப்பட்டது. முதல் உலகப் போரின் இழப்பீட்டுத் தொகையில் பெரும்பங்கைச் சம்பாதித்துக் கொடுப்பது அதன் தலையில் விழுந்தது. பத்து லட்சத்துக்கும் மேலிருந்த ஆட்கள் ஓரிரு ஆண்டுகளில் ஏழு லட்சத்துச் சொச்சமாகக் குறைக்கப்பட்டார்கள். மிஞ்சியவர்களுக்கு எட்டு மணி நேர வேலை என்பது ஏட்டில்தான் இருந்தது. அதே நேரத்தில், அதே ரைக்ஸ்பான் நிர்வாகம்தான் தண்டவாளத்தை ஒட்டிய தன் நிலத்தை எடுத்துக்கொடுத்து, ஊழியர்களைப் பந்து விளையாடவும் உடற்பயிற்சி செய்யவும் அழைத்தது.

அது வெறும் அன்பினால் மட்டும் நடந்ததில்லை. அன்றைய ஜெர்மனியில் தொழிலாளிகளுக்கென்று தனி விளையாட்டு உலகம் ஏற்கெனவே இருந்தது. 1893-இல் கேரா நகரில் தொடங்கிய தொழிலாளர் உடற்பயிற்சிச் சங்கத்துக்கு 1920-களில் பல லட்சம் உறுப்பினர்கள். 1925 ஜூலையில் ஃபிராங்க்ஃபுர்ட்டில் அவர்கள் தொழிலாளர் ஒலிம்பிக் நடத்தினார்கள். தேசக் கொடிகளுக்குப் பதில் செங்கொடி, தோற்ற நாடு வென்ற நாடு என்ற பேச்சு இல்லை. பணிமனையில் கொதிகலன் சரிசெய்கிறவர் ஞாயிற்றுக்கிழமை அங்கே போவதைவிட, மேலதிகாரியும் கணக்கரும் தானும் ஒரே சட்டை போட்டு விளையாடும் கழகத்துக்கு வருவது நிர்வாகத்துக்கு உவப்பாக இருந்திருக்கும். ரயில்வே மட்டுமல்ல, அஞ்சல் துறை, காவல் துறை, பெரிய ஆலைகள் எல்லாமே அந்தக் காலத்தில் இதைத்தான் செய்தன.

இதைச் சொல்வதால் அந்தக் கழகங்களின் மதிப்பு குறைந்துவிடாது. இரவு இரண்டு மணிக்கு எஞ்சின் ஏறுகிறவரும், ஷன்டிங் யார்டில் மாறி மாறி ஷிப்ட் பார்ப்பவரும் ஊரின் சாதாரணக் கழகத்தில் செவ்வாய் மாலை ஆறு மணிப் பயிற்சிக்குப் போக முடியாது. சக ஊழியர்களே நடத்தும் கழகத்தில்தான் அவர்களுக்கு இடம் கிடைத்தது. ஒன்பது கட்டைகளை உருட்டி வீழ்த்தும் கேகல் ஆட்டம் இன்றும் உங்கள் கழகங்களில் இவ்வளவு வேரோடியிருப்பதற்கு அதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். வெளிச்சமும் வானிலையும் பார்க்க வேண்டியதில்லை. ஷிப்ட் முடிந்து எந்நேரமும் உருட்டலாம்.

இனி 1933. நாஜிகள் ஆட்சிக்கு வந்தார்கள். தொழிலாளர் விளையாட்டுச் சங்கம் தடைசெய்யப்பட்டது, அதன் சொத்துகள் பறிக்கப்பட்டன. மே 2-ஆம் தேதி தொழிற்சங்க அலுவலகங்களுக்குள் நாஜிக் கட்சியின் எஸ்.ஏ. படை நுழைந்தது. அதற்கு முன்பே ஏப்ரல் 7-இல் வந்த அரசு ஊழியர் சட்டம் யூதர்களையும் அரசியல் எதிரிகளையும் வேலையிலிருந்து தூக்க வழிசெய்திருந்தது. ஏப்ரல் 9-இல் தென் ஜெர்மனியின் பெரிய கால்பந்துக் கழகங்கள் பல, யாரும் கட்டாயப்படுத்தும் முன்னரே, யூதர்களை விளையாட்டுக் கழகங்களிலிருந்து அகற்றுவதில் ஒத்துழைப்போம் என்று கூட்டாக அறிக்கை விட்டன.

உங்கள் கழகங்களில் இது எப்படி நடந்தது? மற்றக் கழகங்களில் ஒருவரை வெளியேற்றக் கூட்டம் போட வேண்டும், தீர்மானம் எழுத வேண்டும், அது ஏட்டில் தங்கிவிடும். ரயில்வே கழகத்தில் உறுப்பினராக இருக்கும் தகுதியே வேலையோடு ஒட்டியது. வேலை போனால் கழகமும் போய்விடும். தீர்மானமே தேவைப்பட்டிருக்காது. ஆகையால்தான் "எங்கள் ஏடுகளில் அப்படியெதுவும் இல்லை" என்ற பதிலை நான் முழுப் பதிலாக எடுத்துக்கொள்ளத் தயங்குகிறேன். உங்கள் ஏட்டில் இல்லாதது ரயில்வே இயக்குநரகத்தின் ஊழியர் கோப்புகளில் இருக்கக்கூடும்.

இன்னொன்று. யூலியுஸ் டோர்ப்முல்லர் 1926-இல் ரைக்ஸ்பானின் பொது இயக்குநரானார். உங்கள் கழகங்கள் பலவும் பிறந்தது அவர் காலத்தில்தான். 1937-இல் போக்குவரத்து அமைச்சராகவும் ஆகி, 1945 வரை அதே நாற்காலியில் இருந்தார். மைதானங்களுக்கு நிலம் ஒதுக்கிய நிறுவனமும், யூதர்களைக் கொலை முகாம்களுக்கு ஏற்றிக்கொண்டு கிழக்கு நோக்கிச் சிறப்பு ரயில்களை ஓட்டிய நிறுவனமும் ஒன்று. தலைமை தாங்கியவரும் ஒருவர். அந்த ரயில்களுக்குக் கட்டணம் வாங்கப்பட்டது. மூன்றாம் வகுப்புக்குக் கிலோமீட்டருக்கு 4 பெனிக் (ஜெர்மன் காசு). பத்து வயதுக்குக் கீழ்ப்பட்ட குழந்தைக்குப் பாதி, நான்கு வயதுக்குக் கீழ் இலவசம். 400 பேருக்கு மேல் ஏற்றினால் குழுச் சலுகை உண்டு. பொதுவாகச் சொல்லப்படும் கணக்குப்படி சுமார் 30 லட்சம் பேர் இப்படி ரயிலில் மரணத்துக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். அட்டவணை போட்டவர், பெட்டி இணைத்தவர், சிக்னல் இறக்கியவர், கட்டண ரசீது எழுதியவர் என்று சாதாரண ஊழியர்கள் செய்த சாதாரண வேலைகளால்தான் அந்த ரயில்கள் போய்ச் சேர்ந்தன. அவர்களில் ஞாயிற்றுக்கிழமை உங்கள் மைதானங்களில் விளையாடியவர்களே இல்லை என்று யாரால் சொல்ல முடியும்?

அதே ஊழியர்களில் வேறு மாதிரி நின்றவர்களும் உண்டு என்பதையும் நான் மறக்கவில்லை. ரயில்வே தொழிற்சங்கத் தலைவர் ஹான்ஸ் யான் சங்கம் நொறுக்கப்பட்ட பிறகு, சர்வதேசப் போக்குவரத்துத் தொழிலாளர் சம்மேளனத்தின் துணையோடு ரயில்வேக்காரர்களிடையே ரகசியத் தொடர்பு வலையொன்றைக் கட்டினார். 1935-இல் நாட்டைவிட்டுத் தப்ப வேண்டியதாயிற்று. போருக்குப் பின் ரயில்வே சங்கத்தின் தலைவராக மறுபடி வந்தார். அவருடைய வலையில் இருந்தவர்களில் உங்கள் கழகத்துக்காரர் யாராவது இருந்தாரா? பன்னிரண்டு ஆண்டுகளை ஒரு வரியில் தாண்டினால் அவரும் சேர்ந்து காணாமல் போகிறார். பார்த்தால், இதில் நஷ்டம் உங்களுக்குத்தான்.

மியூனிக்கின் மேற்கு ஓரத்தில் இருக்கிற நொயாவ்பிங் பகுதியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். 1906 முதல் 2001 வரை அங்கே ரயில் பெட்டிகளைச் சரிசெய்யும் பெரிய பணிமனை இயங்கியது. பகுதியே அதைச் சுற்றி வளர்ந்தது. ரயில்வே குடியிருப்பு, ரயில்வே விளையாட்டுக் கழகம் எல்லாம் உண்டு. 1942-இல் ரைக்ஸ்பான் அங்கே எரன்பியூர்க் தெருவில் ஒரு முகாம் கட்டியது. சோவியத் பகுதிகள், போலந்து, இத்தாலி, நெதர்லாந்து போன்ற இடங்களிலிருந்து கொண்டுவரப்பட்ட கட்டாயத் தொழிலாளர்களை அதில் அடைத்துவைத்து, பணிமனையில் வேலை வாங்கினார்கள். ஆயிரம் பேர் வரை இருந்திருக்கிறார்கள். எட்டுக் கட்டடங்கள் இன்றும் நிற்கின்றன. போருக்குப் பின் அவை தங்குமிடமாகவும் கைவினைஞர், ஓவியர்களின் பட்டறைகளாகவும் மாறின. இவ்வளவு முழுதாக மிஞ்சிய இப்படிப்பட்ட முகாம்கள் ஜெர்மனியில் மிகச் சில. மியூனிக் நகரம் அந்த இடத்தை வாங்கி, நாஜிக் கால ஆவண மையத்தின் கிளையாக, நினைவிடமாக ஆக்க முன்வந்தது.

முகாமையும் கழகத்தையும் முடிச்சுப் போட்டு நான் யாரையும் குற்றம் சொல்ல வரவில்லை. கேட்பது இதைத்தான்: உங்கள் ஊரிலும் பணிமனை இருந்தது, போர்க்காலத்தில் அங்கே உள்ளூர் ஆண்கள் படைக்குப் போய்விட்டார்கள், வேலை மட்டும் நிற்கவில்லை. அப்படியானால் செய்தவர்கள் யார், எங்கே படுத்தார்கள்? போரை ஒட்டி உங்கள் கழகங்களுக்கு "ரைக்ஸ்பான் விளையாட்டுச் சமூகம்" என்று பெயர் மாறியிருந்தது. சில ஊர்களில் அந்தப் பெயரில் போரின் நடுவிலும் ஆட்டங்கள் நடந்துகொண்டிருந்தன. எனவே விளையாட்டு "நின்றுபோனது" என்பதுகூட எல்லா ஊருக்கும் பொருந்தாது.

1945 டிசம்பர் 17-இல் நேச நாடுகளின் 23-ஆம் எண் உத்தரவு, போர் முடியும் முன்பிருந்த விளையாட்டு அமைப்புகள் எல்லாவற்றையும் கலைக்கச் சொன்னது. உள்ளூர் அளவில், அனுமதி பெற்று, விளையாட்டு மட்டும் என்ற நிபந்தனையோடு கழகங்கள் மறுபடி தொடங்கின. மேற்கு ஜெர்மனியில் ரயில்வேயின் பெயர் "ரைக்ஸ்பான்" போய் "புண்டஸ்பான்" வந்தது, கழகங்கள் ஈ.எஸ்.வி. ஆயின. உங்கள் மலர்களில் இந்த இடத்தில் மறுபிறப்பு என்ற தொனி வந்துவிடுகிறது. பெயர்ப்பலகை மாறியது உண்மை. செயலாளரும் பொருளாளரும் மாறினார்களா என்பதை ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போங்கள், போதும்.

கிழக்கே நடந்தது விசித்திரம். சோசலிச அரசு தன் ரயில்வேக்கு "ரைக்ஸ்பான்" என்ற பேரரசுப் பெயரையே வைத்துக்கொண்டது; அந்த அரசு 1990-இல் மறைந்த பின்னும் பெயர் 1993 கடைசி வரை நீடித்தது. மேற்கு பெர்லினுக்குள் ரயில் ஓட்டும் உரிமை அந்தப் பெயரோடு ஒட்டியிருந்ததுதான் காரணம். அங்கே ரயில்வே கழகங்களுக்கு "லோகோமோட்டிவ்" என்று பெயர். ரசிகர்கள் வாயில் "லோக்". ஸ்டெண்டால் போன்ற சிறிய ஊரின் அணி, ரயில்வே பணிமனையின் பலத்தில் முதல் பிரிவில் ஆடியது. 1966-இல் கிழக்கு ஜெர்மனியின் கோப்பை இறுதிக்கு வந்து, கெமி லைப்சிக்கிடம் ஒரே கோலில் தோற்றது. ஒன்றுபட்ட ஜெர்மனியில், 1995-96 பருவத்தில், மூன்றாம் நிலை அணியாகக் கோப்பைக் காலிறுதி வரை வந்து லெவர்குசனிடம் பெனால்டியில் வீழ்ந்தது. லைப்சிக்கின் லோக் இன்னும் மேலே போனது. 1987 ஏப்ரலில், ஐரோப்பியக் கோப்பை வென்றோர் கோப்பையில், பிரான்ஸின் போர்தோ அணிக்கு எதிரான அரையிறுதியில், பெனால்டி வரிசையின் கடைசிப் பந்தைக் கோல்கீப்பர் ரெனே முல்லரே உதைத்து வென்றுகொடுத்தார். அரங்கில் லட்சம் பேர் இருந்ததாக இன்றும் சொல்கிறார்கள். ஏதென்ஸ் இறுதியில் வான் பாஸ்டன் தலையால் முட்டிய ஒரு கோலில் அயாக்ஸ் ஜெயித்தது.

லோக் லைப்சிக்கின் அதற்கடுத்த கதை எனக்கு ரொம்பப் பிடித்தது. 1990-களில் பழைய பெயரான வி.எஃப்.பி. லைப்சிக்குக்குத் திரும்பி, ஒரு பருவம் ஜெர்மனியின் முதல் பிரிவான பண்டஸ்லீகாவில் ஆடி, கடனில் மூழ்கி, 2004-இல் அது இல்லாமலே போயிற்று. ரசிகர்கள் 2003 கடைசியிலேயே கழகத்தைப் புதிதாகப் பதிவு செய்து, 2004-இல் மிகக் கீழ்ப் பிரிவிலிருந்து தொடங்கினார்கள். அந்த அடிமட்டப் பிரிவின் ஓர் ஆட்டத்துக்கு 12,421 பேர் வந்தார்கள். எடுத்துக்கொண்ட பெயர் பழைய "லோகோமோட்டிவ்". ரயில்வே அப்போது ஒரு காசும் தரவில்லை.

மேற்கில் உங்களுக்கு அடி விழுந்தது 1994-இல். ஜனவரி 1-ஆம் தேதி இரண்டு ரயில்வேக்களும் சேர்ந்து டாய்ச்ச பான் என்ற பங்கு நிறுவனமாயின. ரயில் ஓட்டத் தேவைப்படாத நிலங்கள் பலவும் தனி அரசு அமைப்பிடமும், பிறகு நில வணிக நிறுவனங்களிடமும் போயின. சொற்பக் குத்தகையில் இருந்த மைதானம் திடீரென்று நகர நடுவில் இருக்கும் விலையேறிய மனையாகிவிட்டது. இங்கோல்ஷ்டட் ரயில்வே கழகம் 1979-இல் பவேரிய லீக்கை வென்று, இரண்டாம் பண்டஸ்லீகா வரை போனது. அதே ஊரின் எம்.டி.வி. கழகமும் அங்கே இருந்ததால் ஒரே ஊர்க்காரர்கள் இரண்டு கட்சியாக நின்ற காலம் அது. 2004-இல், கடன் நெருக்கிய நிலையில், இரண்டின் கால்பந்துப் பிரிவும் சேர்ந்து எஃப்.சி. இங்கோல்ஷ்டட் 04 ஆனது. அந்த அணி 2015-இல் பண்டஸ்லீகாவுக்கே ஏறியது. ரயில்வேயின் பெயர் மட்டும் அந்தச் சட்டையில் இல்லை.

இந்த 1994-க்குப் பிந்தைய பகுதியை நீங்கள் விரிவாக எழுதுகிறீர்கள். எந்தக் கடிதம் எந்தத் தேதியில் வந்தது, குத்தகை எவ்வளவு ஏறியது, எந்த மேயரைப் போய்ப் பார்த்தோம் என்று எல்லாம் இருக்கிறது. எழுதத்தான் வேண்டும். ஆனால் உங்களுக்கு அநியாயம் நடந்த ஆண்டுகளுக்கு அத்தனை பக்கம், உங்கள் நடுவில் அநியாயம் நடந்த ஆண்டுகளுக்கு ஒரு வரி என்றால், வாசிக்கிறவர் கண்ணில் அது படாமல் போகாது.

முடியாத வேலை என்றும் சொல்லிவிட முடியாது. நியூரன்பெர்க்கைப் பாருங்கள். 1835-இல் ஜெர்மனியின் முதல் பயணிகள் ரயில் ஓடிய ஊர். ரயில்வே அருங்காட்சியகமும் அங்கேதான். அந்த ஊர்க் கால்பந்துக் கழகமான 1. எஃப்.சி. நியூரன்பெர்க்கிடம் 1928 முதல் 1955 வரையிலான உறுப்பினர் அட்டைகள், சுமார் 12,000, கிடைத்தன. ஒவ்வொன்றாகப் பார்த்து, 1933-இல் விலக்கப்பட்ட யூத உறுப்பினர்கள் 142 பேரைக் கண்டுபிடித்தார்கள். யார் எங்கே போனார்கள், யார் கொல்லப்பட்டார்கள் என்று தேடி எழுதினார்கள். 2022-இல் அவர்களுடைய உறுப்பினர் உரிமையைத் திருப்பிக் கொடுத்தார்கள். கழகத்தின் பெயர் அதனால் கெட்டுப்போகவில்லை.

உங்களிடம் அத்தனை அட்டைகள் இருக்காது. சரி. ஆனால் கழகப் பதிவேடு உள்ளூர் நீதிமன்றத்தில் இருக்கும். 1933 முதல் 1938 வரை நிர்வாகிகள் பெயர் மாறிய வரிசையை அதில் பார்க்கலாம். இயக்குநரகக் கோப்புகள் மாநில ஆவணக் காப்பகங்களிலும், அமைச்சகத்தின் கோப்புகள் பெர்லினில் கூட்டாட்சிக் காப்பகத்திலும் இருக்கின்றன. உங்கள் ஊர்ப் பணிமனையில் வேலை வாங்கப்பட்ட வெளிநாட்டவர் பெயர்களை, நாஜிகளால் பாதிக்கப்பட்டோரின் ஆவணங்களைக் காக்கும் ஆரோல்சன் காப்பகத்தின் இணையதளத்தில் வீட்டிலிருந்தே தேடலாம். பள்ளியின் மேல்வகுப்பு மாணவர்களிடம் கொடுத்தால் ஆர்வமாகச் செய்வார்கள். உங்கள் இளைஞர் அணியிலேயே அந்த வயதுப் பிள்ளைகள் இருக்கிறார்களே.

ரயில்வே கழகங்கள் உள்ளூர்ச் சுவருக்குள் அடங்கியவை அல்ல என்பதையும் நினைவூட்டுகிறேன். 1947-இல், போர் முடிந்து இரண்டே ஆண்டில், ரயில்வேக்காரர்களின் சர்வதேச விளையாட்டு ஒன்றியமான யூசிக் தொடங்கியது. பிற்பாடு ஜெர்மனியும் அதில் சேர்ந்தது. எங்கள் இந்திய ரயில்வேயின் விளையாட்டு வாரியம் 1928-இல் பிறந்தது. ஏறக்குறைய உங்கள் வயது. அதுவும் அந்த ஒன்றியத்தில் இருக்கிறது. அங்கே விளையாட்டு வீரருக்கு ரயில்வே வேலை கொடுக்கும். இங்கே ரயில்வே தொழிலாளி விளையாட வந்தார். இப்போது உங்கள் உறுப்பினர்களில் ரயில்வேக்காரர்கள் சிறுபான்மைதான். என் மகளின் அணியில் பாதிப் பேருடைய தாத்தா பாட்டிகள் இந்த நாட்டில் பிறந்தவர்கள் அல்லர். இந்த மைதானம் யாருடையதாக இருந்தது என்று அந்தப் பிள்ளைகள் கேட்கிறார்கள். மலரில் பதில் இருந்தால் நன்றாக இருக்கும்.

அச்சுக்குப் போக இன்னும் நேரமிருக்கும் கழகங்களுக்கு ஒரு யோசனை. பழைய ஆண்டறிக்கைகளும் குழுப்படங்களும் கழகக் கட்டடத்தின் நிலவறையில் ஏதாவது ஓர் அலமாரியில்தான் கிடக்கும். சாவி அநேகமாகப் பொருளாளரிடம் இருக்கும். அவரிடமிருந்து தொடங்குங்கள். 1930-களின் படங்கள் அகப்பட்டால், பின்பக்கத்தில் பென்சிலில் எழுதிய பெயர்களை முதலில் படி எடுத்துவிடுங்கள். கையெழுத்து படிக்க முடியாவிட்டால் அனுப்புங்கள்; பழைய ஜெர்மன் எழுத்து படிக்கத் தெரிந்த நண்பர்கள் எனக்கு இருக்கிறார்கள்.

அன்புடன்,
உங்கள் கழகமொன்றில் விளையாடும் சிறுமியின் தந்தை